பேஜ்மேக்கருக்குள் ஒரு தோட்டம்

இந்தப் பொங்கலுக்குப் புந்தோங்கில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய மைலோ டின் இருக்கும். அதிலிருந்து ஒரு குறுந்தட்டை எடுத்து என் கையில் வைத்தார். மேலே நீல மையில் 'மலர் 2003 முழுசும்' என்று எழுதியிருந்தது.

ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையில் இருந்த எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கடைசித் திருவிழா மலர் அது. அடுத்த இரண்டு வருடத்தில் தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள். இன்று அங்கே ஒரு தாமான். கோயில் மட்டும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புறம்போக்கில் நிற்கிறது. அச்சடித்த மலரில் பெரியப்பாவிடம் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தோம், யாரிடமும் இல்லை.

"நீதான் இஞ்சினியராச்சே, தொறந்து குடு. எந்த லயத்துல எந்த வீட்டுல யாரு இருந்தாங்கன்னு அதுல ஆறு பக்கம் எழுதியிருக்கேன். வேற எங்கயும் அத யாரும் எழுதல."

தட்டுக்குள் ஒரே ஒரு கோப்பு. பேஜ்மேக்கர் 6.5.

இந்த மென்பொருளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்டஸ் என்ற நிறுவனம் 1985-இல் மேக்கின்டாஷுக்காக பேஜ்மேக்கரை வெளியிட்டது. மேசைப் பதிப்பு என்ற தொழிலே ஏறக்குறைய அதோடுதான் தொடங்கியது. 1994-இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001-இல் ஏழாம் பதிப்பு வந்தது, அதுவே கடைசி. 2004-இல் மேம்பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் இன்டிசைனுக்குப் போகச் சொன்னார்கள். இன்டிசைனின் சிஎஸ்6 வரை பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பிறகு வந்த சந்தாப் பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆக, மாதாமாதம் காசு கட்டுகிற ஒருவரால்கூட, அதே நிறுவனத்தின் புதிய மென்பொருளில் அதே நிறுவனத்தின் பழைய கோப்பை நேராகத் திறக்க முடியாது.

பெரியப்பா காசு கட்டியவரும் இல்லை. மலரை வடிவமைத்த கணினியில் இருந்த விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் எல்லாமே பாசார் மாலாமில் வாங்கிய தட்டுகள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்தக் காலத்து மலேசிய வீடுகளில் பெரும்பாலும் இதே நிலைதான். கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிறவர்கள் 'இலவசம்' என்பதை முதல் நன்மையாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். இங்கே லினக்ஸுக்குப் போட்டி விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. போட்டி, சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த திருட்டு விண்டோஸ். விலையில் இரண்டும் ஒன்று, பழக்கத்தில் விண்டோஸ் ஜெயித்தது.

அலுவலகங்களின் நிலை வேறு. 2002-இல் உள்நாட்டு வாணிப அமைச்சு 'ஒப்ஸ் துலேன்' என்ற பெயரில் நிறுவனங்களைச் சோதனையிடத் தொடங்கியபோதுதான், உரிமம் என்று ஒன்று இருப்பதே பல முதலாளிகளுக்கு உறைத்தது. 2004 ஜூலையில் மம்பு பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. மைக்ரோசாப்ட் பக்கமிருந்து அதே காலத்தில் வந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பு. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கென்றே செய்தது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்க முடியாது. ஏழைக்கு மூன்று ஜன்னல் போதும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

சரி, கோப்புக்கு வருகிறேன். லிப்ரே ஆபிஸில் இழுத்துப் போட்டேன், திறந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் காரணம் தேடிப் படித்தேன். கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களைப் பிரித்துப் படிப்பதற்கென்றே 2014-இல் ஆவண விடுதலைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வருடம் ஒரு மாணவர் தன் கோடைக்காலத் திட்டமாக பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கும் நிரலை எழுத, 2015-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4-இல் அது சேர்ந்தது. அவர் புந்தோங்கையோ எங்கள் மாரியம்மனையோ கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

படங்கள் இல்லை. பேஜ்மேக்கர் பெரிய படங்களைக் கோப்புக்குள் வைக்காமல், அவை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்த இடம், எப்போதோ பழைய இரும்புக்குப் போன ஒரு கணினி. எழுத்து இருந்தது. ஆனால் தமிழாக இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக ஓடியது.

இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. அந்த எழுத்துரு இருந்தால் 'அம்மா', இல்லாவிட்டால் குப்பை. இதைச் சரிசெய்ய 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாட்டில் பேசினார்கள். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்று இரண்டு குறிமுறைகளை ஏற்றது, கூடவே தமிழ்99 விசைப்பலகையையும். இணையத்தில் இயங்கியவர்கள் டிஸ்கியைப் பிடித்துக்கொண்டார்கள். 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தபோது யூனிகோடுதான் வழி என்பது தெரிந்துவிட்டது. விண்டோஸ் 2000-இலேயே யூனிகோடு தமிழ் வந்திருந்தது. ஆனால் அச்சகங்களில் யூனிகோடு தெரியாத பேஜ்மேக்கர் பல வருடம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மலர் அந்த இடைவெளியில் விழுந்தது.

இந்த இடத்தில் மலேசியத் தமிழன் ஒருவன் வணிக மென்பொருளைத் திட்ட முடியாது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலில் வேலை தொடங்கியது 1985-இல், பேஜ்மேக்கர் வந்த அதே வருடம். அது திறமூலம் இல்லை, விற்பனைக்கு வந்த மென்பொருள். இலவசப் பதிப்பும் கொடுத்தார்கள், ஆனால் மூலநிரல் அவர்களுடையது. கணினியில் தமிழ் ஓடுமா என்று எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது ஓட்டிக் காட்டியது அதுதான். இன்று மேக்கில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கப் போனால் 'அஞ்சல்' என்ற பெயர் நிற்கிறது. கைப்பேசியில் நான் தட்டுவது செல்லினத்தில். யாராவது ஒருவர் முழுநேரமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. தன்னார்வலர் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் பத்து வருடம் ஆகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தன்னார்வலர்களும் வந்தார்கள். 2000-ஐ ஒட்டி கேடிஇ, க்னோம் மேசைத்தளங்களைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். 'தமிழா' குழுவின் எ-கலப்பை வந்தது. அது முதலில் கீமேன் என்ற வணிக மென்பொருளின் முதுகில்தான் ஏறி வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்தக் கீமேனும் 2015-இல் கைமாறி, பின்னர் திறமூலமாகிவிட்டது. இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவது எளிது, தமிழ்க் கணிமையில் நடந்தது அப்படி இல்லை.

ஆனால் என் கோப்பின் எழுத்துரு இந்தப் பெரிய பெயர்கள் எதிலும் சேராதது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பழைய குறிமுறைகளை யூனிகோடாக்கும் பட்டியல்கள் இருக்கின்றன: அஞ்சல், மயிலை, டிஸ்கி, டாப், பாமினி, சில நாளிதழ்களின் சொந்தக் குறிமுறைகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று முக்கால்வாசி பொருந்தியது. மீதி கால்வாசியில் 'ணை'யும் 'லை'யும் வேறு எங்கோ இருந்தன, 'ஜ' வர வேண்டிய இடமெல்லாம் 'ஸ' வந்தது. பட்டியல் திறந்து கிடந்ததால் அதை நகலெடுத்து, பதினொரு வரிகளை மாற்றி, எங்கள் மலருக்கென்று ஒரு பட்டியல் செய்துகொண்டேன். மூடிய மாற்றியாக இருந்திருந்தால் அந்த முக்கால்வாசியோடு நின்றிருப்பேன். மூன்று இரவு ஆனது.

அந்த இரவுகளில் லயத்து வீட்டைப் பற்றித்தான் யோசித்தேன். வீடு துரையுடையது. வேலை இருக்கும்வரை இருக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், பின்னால் வாழை வைக்கலாம். தோட்டம் விற்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளர்கள் பங்கு வாங்கினார்கள். அடுத்த வருடம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை. பெரியப்பாவின் அப்பா பங்கு வாங்கினாரா என்று கேட்டேன். "வாங்கினாரு. ஆனா அது வேற தோட்டம்லா," என்றார்.

இந்த ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது என்று எனக்கே தெரியும். மென்பொருளைத் துண்டு போட முடியாது, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையாது. ஆனால் உரிம ஒப்பந்தத்தைக் கடைசிவரை படித்துப் பார்த்தால், துரை பங்களாவிலிருந்து வந்த கடிதத்தின் தொனி அதில் கேட்கத்தான் செய்கிறது.

வேலையிடத்தில் நான் விண்டோஸ்தான். வரைபட மென்பொருள் லினக்ஸில் ஓடாது, அதற்காகச் சண்டை போடப் போவதில்லை. வீட்டில் லினக்ஸ். பெரியப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸை எடுக்கவில்லை, எடுத்தால் பெரியம்மா சீரியல் பார்க்கிற வழி மறந்துவிடும். லிப்ரே ஆபிஸ் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஆறு பக்கத்தையும் யூனிகோடாக்கி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். இரண்டாவது லயத்தில் ஒரு 'ழ'வைத் திருத்தினார். ஐந்தாவதில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசி லயத்தின் மூலை வீட்டுக்கு நேரே வெறும் கோடு இருந்தது. மாற்றும்போது ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, மூலக் கோப்பைத் திரும்பப் பார்க்கிறேன் என்றேன்.

"ஒன் மேல தப்பு இல்ல. அந்தப் பாட்டி பேரு அப்பவே எனக்குத் தெரியாது. கேட்டுப் போடலாம்னு விட்டு வச்சேன்."

பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் 'ஆயாக்கொட்டாய்ப் பாட்டி' என்று எழுதினார்.