புள்ளிக்கு ஓர் அறை: செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நகரத்தார் எழுப்பிய வீடுகள், அவற்றின் பர்மா தேக்குத் தூண்களுக்காகவும் இத்தாலியச் சலவைக்கல் தரைக்காகவும் பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் அவ்வீடுகளின் தனித்தன்மை அவற்றில் பதித்த பொருள்களைக் காட்டிலும், மனையைப் பகுத்த முறையிலேயே மிகுதியும் வெளிப்படுகிறது; அம்முறையின் அடிப்படை, குடும்பத்தில் எத்தனை ஆண்மக்கள் என்னும் கணக்காகும்.

நகரத்தார் சமூகம் இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களின்வழிப் பிரிவுற்றது. திருமணமான ஒவ்வோர் ஆணும் தன் மனைவியோடு சேர்ந்து அக்கோயிற் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிறான்; கோயிலுக்கு உரிய வரியும் புள்ளிதோறும் வாங்கப்படும். மகனுக்கு மணம் முடிந்ததும் அவனையும் மருமகளையும் தனி அடுப்பு, தனிச் செலவு என்று 'வேறு வைத்தல்' வழக்கம். வேறு வைத்தாலும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. ஒரே கூரையின்கீழ்ப் பல குடித்தனங்கள் நடந்தன. ஆகவே புதுமனைக்குத் திட்டமிடுவோர், கூடி வாழ்வதற்கும் கணக்கைத் தனித்தனியே வைப்பதற்கும் ஒருங்கே இடம் காண வேண்டியிருந்தது.

இதற்கு விடையாக அமைந்ததே 'வளவு'. தெருவை ஒட்டிய திண்ணையும், ஆடவர் அமர்ந்து வணிகம் பேசும் முகப்பும் கடந்து, தேக்கில் இழைத்த நிலைவாசல் வழியாக உள்ளே சென்றால், வானம் பார்த்த முற்றமும், அதைச் சூழ்ந்து தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், தாழ்வாரத்தின் ஓரமாக வரிசையாக அறைகளும் கொண்ட பகுதியே வளவு எனப்படும். இவ்வறைகள் மகன்களுக்கு உரியவை. மருமகள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களும் நகையும் பூட்டி வைக்கும் இடமாகவே அவை பெரிதும் பயன்பட்டன, உறக்கமோ தாழ்வாரத்தில்தான். முற்றமும் தாழ்வாரமும் அனைவர்க்கும் பொது. திருமணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி போன்ற சடங்குகள் அங்கேயே நிகழ்ந்தன. வளவுக்குப் பின்னே பந்திக்கும் பண்டங்களுக்கும் உரிய இரண்டாங்கட்டும், அதற்கும் அப்பால் பெண்கள் புழங்கும் அடுப்படிக் கட்டும் அமைந்தன. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியுமாறு வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டதால், பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிந்தன.

மனையின் அளவை உறுதி செய்ய 'ஆயாதி' என்னும் கணிதம் உதவியது. மானசாரம் என்னும் சிற்பநூலின் முறைப்படி, நீளத்தை 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் வரும் மீதி ஆயம், அதாவது வரவு; அகலத்தை 9ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் வரும் மீதி விரயம், அதாவது செலவு. நீளம் 28, அகலம் 14 எனில் வரவு 8, செலவு 6 என்றாகி மனை தேறும். அகலத்தை 11 ஆக்கினால் செலவு 9 ஆகிவிடுவதால் அவ்வளவு தள்ளப்படும். நூலுக்கு நூல் வாய்பாடு மாறினும், வரவு செலவை விஞ்ச வேண்டும் என்பது பொது விதி. பேரேடு எழுதிப் பழகிய வணிகருக்கு இதைவிட எளிதில் விளங்கும் விதி வேறில்லை.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டு, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அரிசி ஏற்றுமதி பெருகியபோது, பர்மிய வேளாண்மைக்குக் கடன் கொடுத்து நகரத்தார் பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருளில் பெரும்பகுதி வீட்டின் முன்புறத்திலேயே செலவாயிற்று: முகப்பு உயர்ந்து மாடியானது, விருந்தினருக்கான கூடமும் நிலைக்கண்ணாடிகளும் வந்தன, சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் பளபளத்தன. வளவின் அமைப்போ மாறவில்லை. பொருள் எவ்வளவு வந்தாலும் மகன்களை எண்ணி அறை வகுக்கும் முறை நின்றது.

1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அச்செல்வத்தின் ஊற்றை அடைத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. வீட்டுரிமை தலைமுறைதோறும் புள்ளிகளாகப் பெருகியதால், பழுது பார்க்கவோ விற்கவோ பங்காளிகள் பலரின் இசைவு வேண்டியதாயிற்று; அறையைப் பங்கிட வழி வைத்த அமைப்பு, முகப்புக்கும் முற்றத்துக்கும் அத்தகைய வழி வைக்கவில்லை. இசைவு கிட்டாத வீடுகள் பூட்டியே கிடக்க, கிட்டியவற்றுள் சில பிரிக்கப்பட்டன. அவற்றின் நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைக்கு நிற்கின்றன.