இழவு சொல்லுதலும் இறப்புப் பதிவும்: டி. கல்லுப்பட்டி வட்டாரக் குடும்பங்களுக்கான குறிப்புகள்

ஆதிக்கச் சாதியினர் வீட்டில் இறப்பு நேர்ந்தால், அவர்களுடைய உறவினர் ஊர்களுக்கெல்லாம் நடந்து சென்று இழவு சொல்வதும் பறையடிப்பதும் குழி தோண்டுவதும் தலித்துகள் மீது சுமத்தப்பட்ட ஊழியமாக நெடுங்காலம் இருந்தன. பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ வைப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனிக் குற்றம். ஆயினும் ஊரார் இறப்பையெல்லாம் அறிவித்த குடியிருப்புகளில், தம் வீட்டு இறப்பை அரசுக்கு அறிவிக்கும் வழி இன்னும் பலருக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கும் குடும்பம், தனக்குச் சேர வேண்டிய தொகை வங்கியில் கிடப்பதை அறியாமலேயே இருந்துவிடுகிறது.

முதலில் இறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை; தகவல் தந்தவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். இறந்தவரின் சொந்த ஊர் எதுவானாலும், இறப்பு நேர்ந்த இடத்தில்தான் பதிவு நடக்கும். டி. கல்லுப்பட்டி பேரூராட்சி எல்லைக்குள் ஒருவர் வீட்டில் இறந்தால் பேரூராட்சி அலுவலகம். சுற்றியுள்ள ஊராட்சிக் கிராமம் எனில் கிராம நிர்வாக அலுவலர். மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில் உயிர் பிரிந்தால், அந்த மருத்துவமனையே தகவல் தர வேண்டும். பதிவு மதுரையில் இருக்கும். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போனவர் அங்கே இறந்தால், உடலோடு ஊர் திரும்பும் அவசரத்தில் இது விடுபட்டுப் போகிறது. மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, எந்த அலுவலகத்தில் பதிவாகும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

வீட்டில் நேரும் இறப்பை அறிவிக்கும் பொறுப்பு குடும்பத் தலைவருக்கு. அவர் இல்லையெனில் நெருங்கிய உறவினருக்கு. 21 நாள்கள் கடந்தால் 30 நாள்கள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, அதற்கும் மேல் போனால் நிர்வாக நடுவரின் ஆணை. தாமதமாகிவிட்டது என்பதற்காகப் பதிவை மறுக்க முடியாது.

பெயர் விஷயத்தில் நாம் கூடுதலாகவே எச்சரிக்கிறோம். பழைய பதிவேடுகளில் நம் முன்னோரின் பெயர்கள் மரியாதையின்றிச் சுருக்கி எழுதப்பட்டன. குடும்ப அட்டையில் ராக்கம்மாள், ஆதாரில் ராக்கு, வங்கிக் கணக்கில் ராக்காயி என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை பிள்ளைகள் தலையில் விழுகிறது. பதிவின்போதே ஆதாரில் உள்ளபடி பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் எழுதித் தர வேண்டும். பிழை நேர்ந்துவிட்டால், அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் திருத்தம் கோரலாம்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். நமக்கு அது பேரையூர். மணமாகிச் சென்ற மகளின் பெயரை விட்டுவிடும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். கிறித்தவத் தலித் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு.

இச்சான்றிதழ் மிகுதியும் தேவைப்படுவது நிலத்துக்கு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போன கதையை இத்தளத்தின் வாசகர்கள் அறிவார்கள். மிரட்டலும் மோசடியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. தாத்தா பெயரில் பட்டா, இரண்டு தலைமுறை இறப்புகள் பதியப்படவில்லை, வாரிசு யாரென்று காட்டத் தாளில்லை என்ற நிலை ஆக்கிரமிப்பாளருக்கு வசதியாகிவிடுகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை தந்த இலவச வீட்டுமனைப் பட்டாவும் இப்படியே இறந்தவர் பெயரில் கிடக்கிறது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கைக்கு வந்தவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பது நல்லது. பங்கு பிரிப்பதைப் பின்னர் பேசிக்கொள்ளலாம், முதலில் கூட்டுப் பட்டாவாகவேனும் மாற்றிவிட வேண்டும்.

வங்கிப் புத்தகத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதிக் காப்பீடாக இருக்கலாம். எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்‌ஷாக் காப்பீடு. விபத்து இறப்புக்கு 2 லட்சம். வங்கி இவற்றைத் தானாகச் சொல்லும் என்று காத்திருக்கலாகாது. கணக்கில் நியமனதாரர் இருந்தால், பணத்தைத் தர வங்கி வாரிசுச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை வாரிசுகள் அனைவருக்கும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி இருந்தால், அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கக்கூடும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் ஈமச்சடங்கு உதவியும் இறப்பு உதவியும் உண்டு. இறந்தவரின் முதியோர் உதவித்தொகையை மட்டும் ஏடிஎம் அட்டை கொண்டு தொடர்ந்து எடுக்கக் கூடாது. அது பின்னர் குடும்பத்தின் மீதே திரும்பும்.

குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7, ஆதார் செயலிழப்பு ஆகியவற்றை மெதுவாகச் செய்துகொள்ளலாம். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இயற்கைக்கு மாறான இறப்பு எனில் வரிசையே மாறுகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். உடற்கூராய்வு அறிக்கையும் தேவை. எழுதாத தாளில் எவர் கேட்டாலும் கையெழுத்திடக் கூடாது. சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கியவர் இறந்தால், அது வெறும் விபத்தாக எழுதப்படுவதைக் குடும்பத்தினர் அங்கேயே எதிர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்று வகுத்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. சாதிவெறிக் கொலையாயின், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி தீருதவியில் பாதி உடற்கூராய்வுக்குப் பின்னும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்ற பின்னும் வழங்கப்பட வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு விதித்திருத்தம் இத்தொகையை 8,25,000 ரூபாயாக நிர்ணயித்தது. அத்துடன் மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அதற்கான அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, விவசாய நிலம், வீடு, பட்டப்படிப்பு வரை பிள்ளைகளின் முழுக் கல்விச் செலவு ஆகியவையும் அதே விதியில் உள்ளன. பணம் வந்ததும் இவை மறக்கப்படுகின்றன. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனி மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியரிடமும் ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் கொடுத்து, நாளிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும்.