ஸ்பைஸும் அதன் விருப்ப அட்டையும்

ஒரு மின்சுற்றைப் பலகையில் அமைப்பதற்கு முன்பே அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணிப்பொறியிடம் கேட்டறிவது இன்று உலகெங்கும் பரவிய வழக்கம். நாடகத்தை மேடையேற்றுமுன் ஒத்திகை பார்ப்பது போன்றது அது. சிமுலேஷன் என்று அதற்குப் பெயர். ஒத்திகைக்கும் சில விதிகள் வேண்டுமல்லவா? எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுவது, எந்த வெப்பநிலையைக் கொள்வது, விடை சரியென்று எப்போது ஒப்புக்கொள்வது ஆகியவற்றை யாரேனும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு முதலில் எங்கே எழுதப்பட்டது, பின்னர் எங்கே போய் மறைந்தது என்னும் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

வரலாறு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் தொடங்குகிறது. 1960களின் இறுதியில் ரொனால்டு ரோரர் என்னும் பேராசிரியர், மின்சுற்றைக் கணிக்கும் நிரல் ஒன்றைத் தம் வகுப்பு மாணவர்களையே எழுதச் செய்தார். அவர்களுள் ஒருவர் லாரன்ஸ் நாகல். உருவான நிரலுக்குக் 'கேன்சர்' என்று பெயர். கேட்பதற்கு அச்சமூட்டும் பெயர்தான். ஆயினும் அதன் முழு விரிவில் ஒரு குறும்பு இருந்தது. 'கதிர்வீச்சு நீங்கலாக' என்னும் பொருளுடைய சொற்கள் அந்த விரிவின் ஈற்றில் நின்றன. அந்நாளில் இத்தகைய நிரல்கள் பல, இராணுவ ஒப்பந்தங்களின் கீழ், அணுக் கதிர்வீச்சில் சுற்றுகள் தாங்குமா என்று கணிப்பதற்காக எழுதப்பட்டவை. அதில் எமக்கு நாட்டமில்லை என்று பெர்க்கிலியார் பெயரிலேயே பொறித்துவிட்டனர்.

ரோரருக்குப் பின் டொனால்டு பெடர்சன் என்னும் பேராசிரியர் நாகலுக்கு வழிகாட்டியானார். எழுதும் நிரல் யாவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 'ஸ்பைஸ்' என்று புதுப்பெயர் பூண்ட அந்நிரல், 1973ஆம் ஆண்டு கனடாவின் வாட்டர்லூ நகரில் நடந்த மாநாட்டில் அறிமுகமாயிற்று. 1975இல் இரண்டாம் ஸ்பைஸ் வந்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தமையால் கல்லூரிகளிலும் தொழிற்கூடங்களிலும் அது விரைந்து வேரூன்றியது.

அக்காலத்தில் கணிப்பொறியோடு பேசுவதற்குத் துளையிட்ட அட்டைகளே வழி. சுற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அட்டை. முதல் அட்டை தலைப்பு. இறுதி அட்டை முடிவு. ஓர் அட்டையில் எண்பது எழுத்துகளே அடங்கும். மிஞ்சியதை அடுத்த அட்டையில் கூட்டல் குறியிட்டுத் தொடர வேண்டும். அட்டைகள் மறைந்து பல்லாண்டு ஆகியும் இம்மரபு மறையவில்லை. இன்றும் ஸ்பைஸ் கோப்பின் முதல் வரியில் தலைப்புக்குப் பதிலாக ஒரு மின்தடையை எழுதினால், நிரல் அதைத் தலைப்பென்று கொண்டு சுற்றிலிருந்து நீக்கிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும் அது அறியாது. ஆகவே 'எம்' என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து லட்சத்தைக் குறிக்க 'மெக்' என்று எழுத வேண்டும். 'எஃப்' என்று எழுதி ஒரு ஃபாரட் மின்தேக்கி என்று எண்ணியிருப்பவருக்கு, ஒரு ஃபெம்டோஃபாரட் மட்டுமே கிடைக்கும்!

இந்த அட்டைக் கட்டினுள் 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் அட்டை ஒன்று உண்டு. அதை விருப்ப அட்டை எனலாம். அதில் ஒன்றும் எழுதாவிடில் நிரல் தானே சில எண்களை வைத்துக்கொள்ளும். அவற்றை இயல்பு எண்கள் என்போம். 'ரெல்டால்' என்பது சார்புப் பிழை வரம்பு: ஆயிரத்தில் ஒன்று. 'வின்டால்' என்பது மின்னழுத்தத்தின் பிழை வரம்பு: ஒரு மைக்ரோவோல்ட். 'ஆப்ஸ்டால்' என்பது மின்னோட்டத்தின் பிழை வரம்பு: ஒரு பிக்கோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வெப்பநிலை 27 பாகை செல்சியஸ். அது ஏறத்தாழ 300 கெல்வின் என்னும் முழு எண். மூடிய பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கும் சுற்றுக்கு 27 பாகை எங்கே கிடைக்கும் என்று கேட்போர் கேட்கட்டும். ஏதேனும் ஓர் எண் வேண்டும், அது வைக்கப்பட்டது.

இவ்வெண்களின் வேலையைச் சிறிது விளக்குதல் நலம். டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளுள்ள சுற்றின் சமன்பாடுகளை நேரே தீர்க்க இயலாது. நிரல் ஒரு விடையை ஊகிக்கும், திருத்தும், மீண்டும் திருத்தும். அடுத்தடுத்த இரு ஊகங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு பிழை வரம்புக்குள் வந்துவிட்டால், விடை கிடைத்தது என்று நிற்கும். வராவிடில் கைவிரித்துவிடும். பிக்கோ ஆம்பியர் என்னும் வரம்பு, ஒருங்கிணைந்த சில்லினுள் ஓடும் மிகச் சிறு மின்னோட்டங்களை எண்ணி வைத்தது. ஸ்பைஸ் என்னும் பெயரின் விரிவிலேயே ஒருங்கிணைந்த சுற்றுகளுக்கு முதன்மை என்ற சொல் உண்டு. ஆனால் நூறு ஆம்பியரைத் திறந்து மூடும் மின்திறன் சுற்றுகளுக்கும் அதே நிரல் பயன்படலாயிற்று. அங்கே மின்னோட்டம் சுழியை நெருங்கும் தருணத்தில், ஒரு பொருட்டுமில்லாத பிக்கோ ஆம்பியரைத் துரத்திக் கணிப்பொறி களைத்து நின்றுவிடும். அப்போது ஆப்ஸ்டாலைத் தளர்த்துவதே முறை. பலரோ கைக்கு எட்டிய ரெல்டாலை நூற்றில் ஒன்றாகத் தளர்த்தினர். கணக்கு முடிந்துவிடும், ஆனால் விடை முழுவதும் சற்றே மங்கிப் போகும். இதை ஒரு தந்திரமாகச் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடன்று.

இதனினும் கூர்மையானது 'மெத்தட்' என்னும் விருப்பம். காலம் செல்லச் செல்லச் சுற்று எவ்வாறு மாறும் என்பதைக் கணிக்க இரண்டாம் ஸ்பைஸில் இரு வழிகள் இருந்தன. இயல்பாக அமைந்தது சரிவக முறை. மற்றது வில்லியம் கியர் என்னும் கணித அறிஞர் பெயரால் வழங்கும் முறை. சரிவக முறை சில வேளைகளில் இல்லாத அதிர்வைக் காட்டும்: அமைதியாக இருக்க வேண்டிய மின்னோட்டம் ஒவ்வொரு படியிலும் மேலும் கீழும் துள்ளுவதாகத் தோன்றும். கியர் முறை இதற்கு மாறான குணமுடையது. உண்மையாகவே அதிரும் அலையியற்றியையும் மெல்ல மெல்ல அடக்கி உறங்க வைத்துவிடக் கூடும். ஒரே சுற்று, விருப்ப அட்டையில் ஒரு சொல் மாறினால், அதிர்கிறது என்றும் அதிரவில்லை என்றும் இரு சாட்சியங்கள்.

அட்டைக் காலத்தில் இதற்கு ஓர் இயற்கையான காப்பு இருந்தது. விருப்பங்கள் சுற்றோடு ஒரே கட்டில் கிடந்தன. கட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் போகும்போது அவையும் உடன் போயின. அச்சடித்த தாளில் எவரும் அவற்றைப் படித்துக் கொள்ளலாம்.

1980களில் நிலைமை மாறியது. 1984இல் பி-ஸ்பைஸ் என்னும் வாணிக நிரல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் ஸ்பைஸை ஏற்றியது. பெர்க்கிலியில் தாமஸ் குவார்லஸ் சி மொழியில் மூன்றாம் ஸ்பைஸை எழுதினார். அதனோடு 'நட்மெக்', அதாவது ஜாதிக்காய், என்னும் உரையாடும் முகப்பும் வந்தது. நறுமணப் பொருள்களின் வரிசையை அவர்கள் விடவில்லை. உரையாடும் நிரல் ஆனபின், ஒவ்வொருவரும் தம் விருப்பங்களை ஒருமுறை எழுதிவைத்தால் போதும் என்ற வசதி தேவைப்பட்டது. அதற்காகப் பயனாளரின் சொந்தக் கோப்பறையில் 'ஸ்பைஸ்இனிட்' என்னும் கோப்பு தோன்றியது. நிரல் எழும்போதே அதைப் படித்துக்கொள்ளும். மூன்றாம் ஸ்பைஸின் வழித்தோன்றலான என்ஜி-ஸ்பைஸ் இன்றும் அதைப் படிக்கிறது. பிற நிரல்களின் வழக்கில் எழுதிய சுற்றை எந்த முறையில் வாசிப்பது என்பதைக்கூட அங்கே குறித்துவைக்கலாம். எல்.டி-ஸ்பைஸ் என்னும் மற்றொரு நிரலிலோ விருப்பங்கள் ஒரு சாளரத்தில் அடுக்கப்பட்டன; அவற்றுள் சில நிரலை மூடினாலும் நினைவில் நிற்கும், சில நில்லா. எவை நிற்கும் என்பதை உடுக்குறியிட்டுக் காட்டினர்.

வசதி பெரிதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுற்றின் கோப்பை நண்பருக்கு அனுப்பினால் விருப்பங்கள் அனுப்பியவர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. நண்பரின் கணிப்பொறியில் வேறு விடை வரும். இருவரும் சுற்றிலேயே பிழை தேடிக்கொண்டிருப்பர்.

பின்னர் கேடன்ஸ் நிறுவனத்தின் 'ஸ்பெக்டர்' என்னும் நிரல் எண்களையே பின்னுக்குத் தள்ளிவிட்டு மூன்று சொற்களை முன்வைத்தது: தாராளம், மிதம், கண்டிப்பு. ஒன்றைத் தேர்ந்தால் அதற்குரிய வரம்புகள் யாவும் ஒருசேர அமைந்துவிடும். ஒன்றும் சொல்லாவிடில் மிதம். பழைய அட்டையின் எண்கள் மட்டும் உள்ளே அழியாமல் இருக்கின்றன. அந்த மிதத்தைத் திறந்து பார்த்தால், பெர்க்கிலியில் வைத்த அதே ஆயிரத்தில் ஒன்று அங்கே அமர்ந்திருக்கிறது. அனுபவமுள்ள சுற்றமைப்பாளர் சிலரோ, இயல்பு எண்ணேயாயினும் அதைத் தலைப்புக்கு அடுத்த வரியில் தாமே எழுதிவிட்டுத்தான் மின்தடைகளை எழுதத் தொடங்குகின்றனர்.