மாதிரி ஏவூர்தி மீட்பில் புவியிடங்காட்டி

மாதிரி ஏவூர்தி மீட்பு என்பது, ஏவப்பட்ட சிறு ஏவூர்தி தரையிறங்கிய இடத்தைக் கண்டறிந்து அதனைத் திரும்பப் பெறுதல் ஆகும். இதற்காக ஜி. பி. எஸ். எனப்படும் புவியிடங்காட்டி வாங்கியும் சிறு வானொலி அலைபரப்பியும் இணைந்த கருவி ஒன்று ஏவூர்தியின் முகப்புக் கூம்பில் பொருத்தப்படுகிறது. ஏவூர்தி கிடைக்காவிடில் அதில் பதிவான அளவீடுகளும் இழக்கப்படும்.

செங்கல்பட்டுக் கடற்கரையில் ஏவுதல்கள்

சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பட்டிபுலத்திலிருந்து 2023 பெப்ரவரி 19 அன்று, மாணவர்கள் உருவாக்கிய 150 பிக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்த கலப்பு எரிபொருள் ஏவூர்தி ஏவப்பட்டது. 2024 ஆகத்து 24 அன்று திருவிடந்தையிலிருந்து ஸ்பேஸ் சோன் இந்தியா நிறுவனத்தின் ரூமி-1 ஏவப்பட்டது. இவை மாதிரி ஏவூர்திகளை விடப் பெரியவை. எனினும் இவையும் புவியைச் சுற்றும் பாதையை அடையாமல் கீழே திரும்புபவை ஆதலால், மீட்புச் சிக்கல் இரு வகைக்கும் பொதுவானது.

செயற்படும் விதம்

வாங்கி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்று அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகியவற்றைக் கணிக்கிறது. அலைபரப்பி இவற்றைத் தரையிலுள்ள அலைவாங்கிக்கு அனுப்புகிறது. உலோகமும் கார்பன் இழையும் வானலைகளைத் தடுப்பதால், கருவி இருக்கும் பகுதி அட்டை, நெகிழி அல்லது கண்ணாடி இழையால் செய்யப்படுகிறது.

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 இல் உரிம விலக்கு அளிக்கப்பட்டது. 2021 இல் இது 868 மெகாஹெர்ட்சு வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் வழங்கும் 902–928 மெகாஹெர்ட்சு கருவிகள் இவ்விலக்கிற்குள் அடங்கா.

காற்றும் நகர்வும்

600 மீட்டர் உயரத்தில் வான்குடை விரிந்து, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கும் ஏவூர்தி தரையை அடைய 100 நொடிகள் ஆகும். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் அது 500 மீட்டர் தள்ளிச் செல்லும். முதலில் சிறிய வான்குடையுடன் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்கி, 150 மீட்டர் உயரத்தில் பெரிய வான்குடை விரியுமாறு அமைத்தால் நகர்வு ஏறத்தாழ 240 மீட்டராகக் குறையும்.

இக்கடற்கரையில் பிற்பகலில் வீசும் கடற்காற்று ஏவூர்தியை நிலப்பக்கம் தள்ளும். அதிகாலை நிலக்காற்று கடற்பக்கம் தள்ளும். நிலப்பக்கத்தில் சவுக்குத் தோப்புகளும் பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. குடியிருப்புகளும் மீனவர் படகுகளும் உள்ள பகுதி என்பதால், விழும் இடத்தை முன்கூட்டியே கணித்தல் மீட்புக்கு மட்டுமன்றி மக்கள் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

வரம்புகள்

* இயந்திரம் எரியும்போது ஏற்படும் மிகு முடுக்கத்தில் வாங்கி செயற்கைக்கோள் தொடர்பை இழக்கக்கூடும். ஆகவே உச்ச உயரத்தை அளக்கக் காற்றழுத்தமானியும் வைக்கப்படுகிறது.
* தரையை அடைந்ததும் மரங்களும் மேடுகளும் மறைப்பதால் வானொலி எட்டும் தொலைவு வெகுவாகக் குறையும். எனவே கடைசியாகப் பெறப்பட்ட ஆள்கூறே தேடலின் தொடக்கப் புள்ளி ஆகும். அது 50 மீட்டர் உயரத்தில் பெறப்பட்டிருந்தால், மேற்கூறிய காற்றில், விழுந்த இடம் காற்று வீசும் திசையில் சுமார் 40 மீட்டருக்குள் இருக்கும்.
* உப்புநீர் வானலைகளை விரைவாக உறிஞ்சுவதால், கடலில் மூழ்கிய கருவியிலிருந்து குறிப்பலை கிடைக்காது. மிதக்கும் கூம்பும் நீருக்கு மேல் நிற்கும் அலைக்கம்பியும் இருந்தால் மட்டுமே படகில் சென்று தேட இயலும்.
* மின்கலம் தீர்ந்தால் கருவி பயனற்றதாகிவிடும். இதனால் தனி மின்கலத்தில் இயங்கும் ஒலிப்பானும், பளிச்சென்ற நிறமுள்ள வான்குடையும் துணையாகப் பயன்படுத்தப்படுகின்றன.