மது ஜாடிக்குள் வந்த கயிறு

சென்ற வாரம் வாக்குக் கொடுத்தபடி இந்த வாரம் 1483-க்கு வர வேண்டும். லண்டன் டவருக்குள் போன இரண்டு சிறுவர்கள், அரியணைக்கு வந்த சித்தப்பா. அந்தச் சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று இத்தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் டவரை இரவில் சுற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை முதலில் முடித்துவிடலாம்.

பகலில் அது மகுடம் பார்க்க வருகிறவர்களின் வரிசை. கூட்டம் கலைந்த பிறகு சிறு குழுக்களை பீஃபீட்டர் எனப்படும் டவர் காவலர்களே அழைத்துப் போகிறார்கள். ராணுவத்தில் குறைந்தது 22 ஆண்டுகள் இருந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. குடும்பத்தோடு கோட்டைக்குள்ளேயே வாசம். அவர்கள் குடிக்க உள்ளேயே ஒரு பப்பும் உண்டு.

சாவிச் சடங்குக்குத் தனி டிக்கெட். இரவு சரியாக 9.53-க்குத் தலைமைக் காவலர் நீளச் சிவப்பு அங்கியில் வருவார். ஒரு கையில் மெழுகுவர்த்தி விளக்கு, மறு கையில் சாவிக்கொத்து. வெளிவாசலிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு திரும்பும்போது, பிளடி டவர் வளைவருகே காவல் சிப்பாய் துப்பாக்கியை நீட்டி மறிப்பான். "நில்! யார் அங்கே?" "சாவிகள்." "யாருடைய சாவிகள்?" "மன்னர் சார்லஸின் சாவிகள்." தினமும் பார்க்கிற முகம்தான், இருந்தாலும் கேட்டே தீருவான். பத்து மணி அடிக்கும், பியூகிள் ஊதும், வந்தவர்களைச் சிறு கதவு வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. ஏறத்தாழ 700 ஆண்டுகளாக நடக்கிறது என்கிறார்கள். நேரத்தைப் பத்து மணி என்று நிலைநிறுத்தியவர் நம் மைசூர் யுத்தத்தில் பார்த்த வெல்லிங்டன். திப்பு வீழ்ந்தபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த அதே மனிதர்.

இத்தனை பூட்டும் எதற்கு? எதிரி உள்ளே வராமலிருக்க என்பார்கள். எனக்கென்னவோ ரனுல்ஃப் ஃபிளாம்பார்டின் ஞாபகம்தான் வருகிறது.

பாதிரியாரின் மகன். அரசர் வில்லியம் ரூபஸுக்கு வசூல் மன்னன். ஒரு பிஷப் செத்தால் அடுத்தவரை நியமிக்காமல் இழுத்தடித்து, அந்த வருமானத்தை அரண்மனைக்குத் திருப்பிவிடுவது இவர் கைவரிசை. ஊரே சபித்தது. 1099-ல் தாமே டர்ஹாம் பிஷப் ஆகிவிட்டார்! 1100 ஆகஸ்ட் 2-ல் ரூபஸ் காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டுச் செத்தார். தம்பி ஹென்றி அழுதுகொண்டிருக்கவில்லை. மூன்றே நாளில் முடிசூடினார். ஆகஸ்ட் 15-ல் ஃபிளாம்பார்டைப் பிடித்து டவரின் வெள்ளைக் கோபுரத்தில் அடைத்தார். ஜனங்களைக் குளிர்விக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கோபுரத்தில் அடைபட்ட முதல் பெரும்புள்ளி இவர்தான்.

சிறை என்று பேர். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங் படி, நண்பர்கள் அனுப்பும் பலகாரம், காவலர்களோடு விருந்து. 1101 பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு மது ஜாடி வந்தது. அதற்குள் கயிறு. அன்றைக்குக் காவலர்களுக்குத் தாராளமாக ஊற்றினார். அவர்கள் குறட்டை விட ஆரம்பித்ததும், ஜன்னல் நடுவிலிருந்த தூணில் கயிற்றைக் கட்டி இறங்கினார். ஆள் பருமன். கையுறை போட மறந்துவிட்டார். உள்ளங்கைத் தோல் எலும்பு தெரியும்வரை உரிந்தது. போதாக்குறைக்குக் கயிறு தரை எட்டவில்லை, பொத்தென்று விழுந்தார். இவ்வளவு அவசரத்திலும் ஆயரின் செங்கோலை மட்டும் விடாமல் கொண்டுபோனார். கீழே நண்பர்கள் குதிரையோடு தயாராக இருந்தார்கள்.

இதை எழுதிவைத்த துறவி ஆர்டெரிக் விடாலிஸுக்கு இவரைக் கட்டோடு பிடிக்காது. ஆனால் கயிறு வந்ததும் அவர் எழுத்தில் ஒரு குதூகலம் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். கொள்ளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அண்ணன் செத்த சூட்டில் கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்ட ஹென்றியைவிட இவரை எனக்குப் பிடிக்கும். சிறுவர்கள் அடுத்த வாரம். ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

ஃபிளாம்பார்ட் நேரே நார்மண்டிக்குப் போய், ஹென்றியின் மூத்த அண்ணன் ராபர்ட்டைக் கிளப்பிவிட்டார். அதே ஆண்டு கோடையில் ராபர்ட் படையோடு போர்ட்ஸ்மவுத்தில் இறங்கினார். போர் நடக்கவில்லை, ஆல்டனில் ராஜி ஆனார்கள். ராபர்ட்டுக்கு ஆண்டுத்தொகை, ஃபிளாம்பார்டுக்கு மறுபடி டர்ஹாம். ஐந்தே வருடத்தில் ராபர்ட் தம்பியிடம் சிறைப்பட்டு, 28 ஆண்டுகள் கைதியாகவே இருந்து செத்தார். அவரைக் கிளப்பிவிட்டவரோ டர்ஹாம் கதீட்ரலை எழுப்பிக்கொண்டு 1128 வரை பிஷப்பாகவே இருந்தார்.

ஃபிளாம்பார்ட் தப்பிய பழி முழுக்கக் கோட்டைக் காவல் பொறுப்பாளர் வில்லியம் த மாண்டவில் தலையில் விழுந்தது. எசெக்ஸில் இருந்த பெரிய பண்ணைகளை ஹென்றி பறித்துக்கொண்டார். மகன் ஜெஃப்ரி அதை மறக்கவில்லை. பின்னாளில் அதே கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அரியணைக்கு மோதிய ஸ்டீபனிடமும் மெட்டில்டாவிடமும் மாறிமாறிப் பேரம் பேசி, அப்பா இழந்ததை வட்டியோடு வாங்கிவிட்டான்.

(தொடரும்)