பேட்டை ஒளிப்படக்காரர் (பெங்களூரு)

ஒரு குடியிருப்பையோ கடைத்தெருவையோ நம்பிக் கடை வைத்து, அங்குள்ளவர்களின் கல்யாணம், காதுகுத்து, சாவு, சர்க்கார் விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் படம் எடுத்துத் தருபவர். பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், மர்ஃபி டவுன் முதலான தமிழர் மிகுந்த பகுதிகளில் ‘ஸ்டூடியோக்காரர்’ என்றால்தான் இவரைத் தெரியும்.

பெங்களூருக்குக் கேமரா வந்தது பட்டாளத்தோடு. 1839-ல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக் கலை மறு ஆண்டே கல்கத்தாவை எட்டிவிட்டது. பெங்களூரில் அதற்கு நிலைத்த சான்று கிடைப்பது 1850-களில்தான். 1809-ல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்டில், உள்ளூர்க்காரர்கள் ‘தண்டு’ என்று சொல்லும் பகுதியில், சென்னைக் காலாட்படை அதிகாரியான லின்னேயஸ் ட்ரைப் பணியாற்றினார். 1854 டிசம்பரில் டாக்டர் ஆண்ட்ரூ நீல் என்ற மருத்துவருடன் சேர்ந்து பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். அந்தப் பயணத்தின் சில படங்களை இருவரில் யாருடையவை என்று கொள்வதில் இன்றும் தயக்கம் உண்டு. ட்ரைப் 1855-ல் சென்னைப் பொருட்காட்சிக்கு அனுப்பியவை 68 படங்கள். நடுவர்கள் வெகுவாகப் பாராட்டினர்.

அதே ஆண்டு பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் ட்ரைப்பும் போனார். 200-க்கும் மேற்பட்ட காகித நெகட்டிவ்களுடன் பெங்களூர் திரும்பினார். அவற்றில் 120-ஐத் தேர்ந்து, 50 தொகுதிகள் அச்சிடும் வேலை இங்கே நடந்தது. கணக்குப் போட்டால் 6,000 பிரதிகள். என்லார்ஜரும் மின்விளக்கும் இல்லாத காலம் அது. நெகட்டிவையும் உப்புத் தோய்த்த தாளையும் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்துத்தான் ஒவ்வொரு பிரதியையும் எடுத்தார்கள். காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகப் போய்விடும் என்பதால், ட்ரைப் தூரிகை எடுத்து மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்தார். பிற்காலத்து ஸ்டூடியோக்காரர்களின் ‘டச்சிங்’ வேலைக்கு அவரை முன்னோடியாகச் சொல்வதில் தவறில்லை.

பிறகு சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீள ஒற்றைப் படமாக்கியது அந்தப் பயணத்தில்தான். அவரிடம் உதவியாளராக இருந்த ஐயாசாமி என்ற தமிழர், சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் ஒளிப்படம் கற்றுக்கொடுத்தவராகவும் குறிக்கப்படுகிறார். 1859-ல் கவர்னர் ட்ரெவெல்யன் இந்தப் படவேலையை வீண் செலவு என்று கருதி நிறுத்த, ட்ரைப்பின் அரசு ஒளிப்படப் பணி அத்தோடு முடிந்தது.

ஒரு கேப்டனின் ஆறு வருடங்களுக்கு இவ்வளவு விவரம் கிடைக்கிறது. அடுத்த ஐம்பது வருடங்களுக்குச் சில வரிகள்தான். பட்டாளம் கோப்பு வைத்தது. கடைக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தை எடைக்குப் போட்டார்கள். ரசாயனம் பூசிய ஈரம் காயுமுன் படம் எடுத்தாக வேண்டிய ஈரத் தகடு போய், முன்கூட்டியே தயாரித்து வைத்த உலர் தகடு வந்ததும் தொழில் எளிதானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நகைக்கடையாகவே பெயர் பெற்ற பார்ட்டன் சன் அண்ட் கோவின் பெயரிலும் மைசூர் சமஸ்தானக் காட்சிகள் வெளிவந்துள்ளன. ட்ரைப் காலத்தில் இல்லாத மின்விளக்கும் வந்தது: 1905 ஆகஸ்டில் சிவசமுத்திர மின்சாரம் பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றியது. 1910-ல் தொடங்கப்பட்ட ஜி.கே.வேலும், ஜி.ஜி.வெல்லிங்கும் இன்று எம்.ஜி. ரோடு எனப்படும் சவுத் பரேடில் புகழ்பெற்ற பெயர்கள். நகரின் மிகப் பழைய ஸ்டூடியோ எது என்பதில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

பெரிய ஸ்டூடியோக்களில் துரைமார்களும் திவான்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்டோன்மென்டின் சந்துகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் படம் என்பது கைக்கெட்டும் செலவானது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அதுவரை மறுத்துவந்த பாட்டிகளும் பேரன் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்றைய கடை பெரும்பாலும் ஒரே அறை. முன்னால் கண்ணாடி ஷோகேஸ், உள்ளே மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை, சீப்பும் பவுடரும் வைத்த ஒரு நிலைக்கண்ணாடி, வருகிறவர்கள் மாட்டிக்கொள்ள ஒரு கோட்டு, பின்னால் சிவப்பு விளக்கு எரியும் டார்க் ரூம். 120 ஃபிலிமில் சதுரப் படமென்றால் ரோலுக்கு 12-தான், வீணாக்க முடியாது. ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வேறு. இந்திய அரசு 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் சரக்கு வந்த பிறகும் கருப்பு வெள்ளை ஃபிலிமை எண்ணித்தான் செலவழித்தார்கள். கல்யாண வீட்டில் படம் கேட்டு நச்சரிக்கும் பையன்களுக்கு ஃபிலிமை நகர்த்தாமல் வெறும் ஃப்ளாஷை மட்டும் அடித்து அனுப்பியதாகப் பழைய கைகள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

டச்சிங் என்பது தனிக் கலை. முகத்து அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்துக் கூரிய பென்சிலால் அந்த இடத்தை நிரப்பினால் பிரதியில் தழும்பு இருக்காது. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படமே இல்லாமல் ஒருவர் போய்விட்டால், தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டி ஜோடியாக்கிக் கொடுப்பதும் இவர் வேலைதான்.

பூ ஜடைப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரியவளான பெண்ணுக்கோ கல்யாணப் பெண்ணுக்கோ பின்னலில் மல்லிகை மொட்டுகளைத் தைத்து அலங்கரிப்பார்கள். அது முதுகில் இருக்கும். படத்தில் முகமும் வேண்டும். அதற்காகப் பெண்ணை ஆளுயரக் கண்ணாடிக்கு அருகே சற்றுத் திருப்பி உட்காரவைத்து, முகம் நேரிலும் ஜடை கண்ணாடியிலும் விழும்படி எடுத்தார்கள். கேமராவும் கண்ணாடியில் தெரியக் கூடாது, விளக்கின் ஒளியும் திருப்பி அடிக்கக் கூடாது. தமிழ் வீடுகளிலும் கன்னட வீடுகளிலும் ஒரே மாதிரி மாட்டியிருந்த படம் இது. அந்தக் கோணத்தைப் பிசகாமல் பிடிக்கிறவரையே நல்ல ஸ்டூடியோக்காரர் என்றார்கள்.

கலர் லேப்களும் வீடியோவும் 1980-களில் வந்தன. ஸ்டூடியோவுக்கு வெளியே, இதே ஊரில் டெக்கான் ஹெரால்டில் பணியாற்றிய டி.எஸ்.சத்யன், வனவிலங்குப் படங்களால் பெயர் பெற்ற டி.என்.ஏ.பெருமாள் ஆகியோரின் வரலாறு தனிக் கட்டுரைகளுக்கு உரியது.

பேட்டைக்காரருக்கு நெடுங்காலம் சோறு போட்டது பாஸ்போர்ட் சைஸ் படம். 2010-ல் பாஸ்போர்ட் சேவை மையங்கள் முன்னோட்டமாகத் தொடங்கிய ஊர்களில் பெங்களூரும் ஒன்று. அங்கே விண்ணப்பதாரரின் படத்தை மையத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். ஆதார் பதிவிலும் அப்படியே. செல்பேசி மிச்சத்தை எடுத்துக்கொண்டது. இன்று பல கடைகளில் படத்தைவிட ஜெராக்ஸும் லேமினேஷனும் அதிகம் ஓடுகின்றன.

ஆவணப்படுத்தும் முயற்சிகள் தாமதமாகவே தொடங்கின. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியில் ஆய்வாளர்கள் எண்மப் பிரதி எடுத்துள்ளனர். கஸ்தூர்பா ரோட்டில் 2023-ல் திறக்கப்பட்ட கலை, ஒளிப்பட அருங்காட்சியகம் ஒரு சிற்றூர் ஸ்டூடியோவின் படங்களைச் சேகரித்து வைத்திருக்கிறது. ஆனால் அது மத்தியப் பிரதேசத்து நாக்தாவின் சுஹாக் ஸ்டூடியோ. அல்சூர்ப் பக்கத்து நெகட்டிவ்களில் கணிசமானவை, கண்ணாடிக்காகவும் வெள்ளிக்காகவும் பழைய சாமான் கடைக்குப் போயின. மிஞ்சியிருப்பது வீட்டு ஆல்பங்களில்தான். படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் தெருப் பெயரும் நெகட்டிவ் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். பழைய படங்களை ஸ்கேன் செய்யும் வாசகர்கள் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்து வைக்கவும்.