பெரிய தொகுப்பும் மெதுவான கணினியும்: எதை ஏற்றாமல் விடுவது?

ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஒரு கேட் தொகுப்பைத் திறந்துவிட்டு, திரை அசையக் காத்திருக்கும் பொறியியல் மாணவர் முதலில் கேட்பது கூடுதல் நினைவகம். கோரிக்கையில் தவறில்லை. ஆனால் இத்துறையின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், வேகம் வேறொரு வழியிலும் கிடைத்துவந்திருப்பது புலப்படுகிறது. எதைக் கணினி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எதை வரைய வேண்டியதில்லை என்று தீர்மானிப்பதே அந்த வழி.

1963இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெட்ச்பேடிலேயே அதன் தொடக்கம் இருக்கிறது. ஓர் உருவம் பலமுறை வந்தால், மூலம் ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படும். மற்ற இடங்களில் அதற்கான சுட்டும், இடம், அளவு, திருப்பம் ஆகியவையும் மட்டுமே இருக்கும். மூலத்தைத் திருத்தினால் எல்லா இடமும் திருந்தும். மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரத்துக்கு’ என ஒவ்வொன்றையும் அகராதி தனிப்பதிவாக வைப்பதில்லை. அடிச்சொல் ஓரிடத்தில், உருபேற்கும் விதி வேறிடத்தில். இன்றைய மென்பொருள்களும் இதையே செய்கின்றன. ஒரே போல்ட்டை நானூறு வெவ்வேறு கோப்புப் பெயர்களில் சேமித்துத் தொகுப்பில் சேர்ப்பவர், அறுபது ஆண்டுக்கு முன் கிடைத்த சிக்கனத்தைத் தாமே கைவிடுகிறார்.

தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கோடுகள் இணையாக இருக்க வேண்டும், புள்ளிகள் பொருந்த வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை நிறைவேற்ற, சிறிது சிறிதாக மதிப்பைத் திருத்திக்கொண்டே போகும் முறையைச் சதர்லண்ட் கையாண்டார். அது மெதுவானது. ஆகவே, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கடப்பில் தீர்க்கக்கூடிய வரிசை இருக்கிறதா என்று முதலில் தேடச் செய்தார். நூற்றுக்கணக்கான பொருத்தங்களை மேல்மட்டத்தில் குவிக்காமல் துணைத்தொகுப்புகளாகப் பிரிக்கச் சொல்லும் இன்றைய அறிவுரை இதற்கு நெருங்கிய உறவு.

1976இல் ஜேம்ஸ் கிளார்க் வெளியிட்ட கட்டுரை வரைதலின் பக்கத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்டது. தொலைவில் சிறிதாகத் தெரியும் பொருளை முழு நுணுக்கத்துடன் வரைவது ஏன்? பார்வைக்கு வெளியே இருப்பதைக் கிளையோடு தள்ளிவிடக் கூடாதா? சில ஆண்டுகளில் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

இவை தொழிற்சாலைத் தேவையாக மாறியது போயிங் 777இல் என்பது என் கணிப்பு. 1990இல் தொடங்கிய அத்திட்டம் விமானம் முழுவதையும் கேட்டியா மென்பொருளில் வடிவமைத்தது. ஆணிகள், திருகுகள் உட்பட முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள். முழு அளவு மாதிரி கட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது நோக்கம். விமானத்தின் மூக்குப் பகுதிக்கு மட்டுமே மாதிரி செய்தார்கள். மாதிரி இல்லையென்றால், ஒரு குழாய் மற்றொன்றின் வழியை மறிப்பது திரையில்தான் தெரிய வேண்டும். திரையில் தவறவிட்டால் உற்பத்திக்கூடத்தில் தெரியும். ஆனால் வடிவமைக்கும் மென்பொருளால் அத்தனை உறுப்புகளையும் ஒருசேரக் காட்ட இயலவில்லை. எனவே ஃப்ளைத்ரூ என்ற காட்சி மென்பொருளைப் போயிங் தானே உருவாக்கியது. துல்லியமான கணித வடிவத்தை விட்டுவிட்டு முக்கோணங்களாக மாற்றிய மேற்பரப்பை மட்டும் அது எடுத்துக்கொண்டது. பார்க்கலாம், உள்ளே பறந்து செல்லலாம்; திருத்த முடியாது. இந்த இழப்பை விலையாகக் கொடுத்து முழுமையின் காட்சியைப் பெற்றார்கள். 1994 ஜூன் 12 அன்று விமானம் முதன்முறை பறந்தது.

அதே 777இன் ஏறத்தாழ 35 கோடி முக்கோணங்களை, தேவைப்படும் துண்டுகளை மட்டும் வட்டிலிருந்து எடுத்து, ஒரே மேசைக்கணினியில் சுழற்றிப் பார்க்க முடியும் என்று 2004இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகக் குழு காட்டியது.

இன்று ‘லைட்வெயிட்’ என்ற பெயரில் ஒரு சொடுக்கில் கிடைப்பது இந்த மரபுதான்: உறுப்பின் தோற்றம் ஏறும், அது உருவான படிகளின் வரலாறு ஏறாது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஃப்ளைத்ரூவைத் திறந்த பொறியாளர், தாம் பார்ப்பது வேறொரு கோப்பு என்பதை அறிந்தே பார்த்தார். இப்போது வடிவமைப்பும் காட்சியும் ஒரே சாளரத்தில் கலந்திருக்கின்றன. விடுபட்டதும் விடுபடாததும் ஒரே திரையில் ஒன்றுபோல் தோன்றுகின்றன. வேகத்துக்காக முற்றிலும் அடக்கிவைத்த உறுப்போ, மோதல் சோதனையின் கணக்கிலேயே வராது.